பாபினின் ஞாயிற்றுக்கிழமை ஓட்டம்

என் வீட்டுக்காரர் ஒரு காரியத்தை ரகசியமாகச் செய்தால் அது முதலில் எனக்குத் தெரியும். அடுத்து எதிர்வீட்டு மோனிஷாவுக்குத் தெரியும். ரகசியம் வெளியே போய்விட்டது என்பது மட்டும் அவருக்குக் கடைசி வரை தெரியாது. பெயர் அருள்செல்வன். திருப்பூரில் நாலைந்து தையல் மிஷின் போட்டு, பெரியவர்கள் போடுகிற டீ-சர்ட் தைத்துக் கொடுக்கிற சின்னக் கம்பெனிக்கு முதலாளி. "எங்கிட்ட ஒண்ணச் சொன்னா அது பூட்டுன பொட்டியாட்ட" என்று நெஞ்சைத் தட்டிச் சொல்வார். அந்தப் பொட்டிக்கு நாலு பக்கமும் ஓட்டை.

அப்படிப்பட்ட மனுசன் ஒரே ஒரு ரகசியத்தை மட்டும் வாயைத் தைத்துக்கொண்டு காப்பாற்றினார். எங்கள் பையனை எங்கே வைத்தார்கள் என்பதை.

மகள் தரணிக்குப் பிறகு எங்களுக்கு ஒரு பையன் பிறந்தான். காலையில் பிறந்தான், ஒரு முறை அழுதான், மத்தியானம் போய்விட்டான். நான் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கையில் ஊசியோடு கிடந்தேன். அவரும் அவங்க அப்பாவும் ஒரு வெள்ளைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு வெள்ளகோவிலில் இருக்கிற எங்கள் மேய்ச்சல் காட்டுக்குப் போனார்கள். சாயங்காலம் வெறுங்கையோடு திரும்பி வந்தார்கள். அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

எந்த இடம் என்று கேட்டேன். மாமியார் சின்னாத்தாள் என் தலையைத் தடவிக்கொண்டே சொன்னார்கள்.

"பெத்தவ அந்த எடத்தப் பாக்கக் கூடாது கண்ணு. பாத்தா நெனப்பு உடாது."

பார்க்காவிட்டால் மட்டும் விட்டுவிடுமா? இவரிடம் கேட்டேன்.

"எனக்கே செரியா நெனவில்ல கலா. அன்னிக்கு இருந்த இருப்புல எங்க நின்னேன்னே தெரியல. இன்னேரம் புல்லு மொளைச்சிருக்கும். நான் அந்தக் காட்டுப் பக்கமே போறதில்ல."

சொல்லும்போது சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துச் சொன்னார். என் வீட்டுக்காரர் என் முகத்தைப் பார்க்காமல் சொல்வது எல்லாமே பொய். நல்ல நாளிலேயே அப்படித்தான்.

எட்டு ஏக்கர் காடு. அதில் ஒரு முழ இடத்தை நான் எங்கே போய்த் தேடுவது? பொங்கல் நோம்பிக்கு ஊருக்குப் போனபோதும் மாமியார் என்னை வாசலைத் தாண்டி விடவில்லை. "அம்மா, தம்பி எங்க?" என்று தரணி கேட்பாள். சாமிகிட்ட என்றால், "சாமி ஊடு எங்க?" என்பாள். ஒன்றாம் வகுப்புப் பிள்ளையின் கேள்விக்கு என்னிடம் ஒரு விலாசம் இல்லை.

நான் கேட்பதை நிறுத்தவில்லை. சோறு போடும்போது கேட்டேன். சட்டையை மடிக்கும்போது கேட்டேன். பல் விளக்குகிறவரிடம் கேட்டேன். அதனால் இவர் ஒரு திட்டம் போட்டார்.

ஒரு நாள் சாயங்காலம் டீ-சர்ட் போட்டு அனுப்புகிற அட்டைப் பெட்டியோடு வந்தார். பெட்டியில் அங்கங்கே ஓட்டை. ஓட்டைக்குள்ளிருந்து ஒரு கறுத்த மூக்கு வெளியே வந்து என்னை மோந்து பார்த்தது.

"ஏனுங்க, இது என்னுங்க?"

"நாய்."

"அது தெரியுதுங்க. எதுக்குங்க?"

"ஜாக் ரஸ்ஸல் டெரியர். இங்கிலீசுக்கார நாய். இதுக்கு மேல வளராதாமா. சோபாவுல தூக்கி உட்டா பொம்மையாட்ட உக்காந்துக்குமாமா. பகல்ல தனியா இருக்கறயல்ல, தொணைக்கு."

"யாரு சொன்னாங்க, பொம்மையாட்ட உக்காந்துக்கும்னு?"

"வித்தவந்தான்."

"வித்தவன் வேற என்னத்தச் சொல்லுவான்?"

"உனக்கு எதைக் குடுத்தாலும் கொறைதான்" என்று முறைத்துக்கொண்டு அதைச் சோபாவில் ஏற்றி வைத்தார். முழு வெள்ளை உடம்பு, ஒரு கண்ணைச் சுற்றி மட்டும் பழுப்பு. இரண்டு கைக்குள் அடங்குகிற உருவம். பொம்மை ஒரு நிமிசம் உட்கார்ந்தது. பிறகு சோபாவின் முதுகில் ஏறி, அங்கிருந்து டிவி மேசைக்குத் தாவி, ஜன்னல் திரையைப் பிடித்துத் தொங்கி, திரையோடும் கம்பியோடும் கீழே விழுந்து, விழுந்த இடத்திலேயே தன் வாலைப் பிடிக்க வட்டமாகச் சுற்ற ஆரம்பித்தது.

"அப்பா! மிஷின்ல நூல் பாபின் சுத்தறாப்புலயே சுத்துது!" என்று தரணி கைதட்டினாள். பெயர் வைத்தாகிவிட்டது.

இவர் போட்ட திட்டம் எனக்கு அன்றைக்கே விளங்கிவிட்டது. நாய் பின்னால் நான் ஓடிக்கொண்டிருந்தால் கேள்வி கேட்க நேரம் இருக்காது. பையன் இருந்த இடத்தில் ஒரு நாயைக் கொண்டு வந்து வைத்து மூடப் பார்க்கிறார். எனக்குக் கோபம் வந்தது. கோபத்தை யார் மேல் காட்ட? அந்தக் குட்டி என் பாதத்தின் மேல் தலையை வைத்துத் தூங்கிவிட்டது.

ஊசி போடக் கொண்டுபோன இடத்தில் கால்நடை டாக்டர் சிரித்தார். "நரி வளைக்குள்ள பூந்து நரியவே வெளிய தொரத்தறதுக்குன்னு வளர்த்த சாதிங்க இது. உருவம்தான் சின்னது. தெனமும் நல்லா ஓட உடோணும். வேலை குடுக்காட்டி அதுவா ஒரு வேலையத் தேடிக்கும்."

தேடிக்கொண்டது. துளசித் தொட்டியைத் தோண்டியது. எதிரே வீடு கட்டக் கொட்டியிருந்த மணலைத் தோண்டியது. மண் கிடைக்காத அன்றைக்கு மெத்தையைத் தோண்டியது. கேஸ் சிலிண்டர் வந்தால் குரைக்கும். டிவியில் யார் வீட்டு மணி அடித்தாலும் எங்கள் கதவுக்கு ஓடிப்போய்க் குரைக்கும். சமையல்கட்டில் ஒரு எலியைப் பார்த்துவிட்டால் போதும், அந்த எலியோ பாபினோ இரண்டில் ஒன்று வெளியே வரும் வரை வீட்டில் சோறு கிடையாது. "வா" என்றால் தலையைச் சாய்த்து யோசிக்கும். வரலாம் என்று அதற்கே தோன்றினால் வரும். ராத்திரி மட்டும் போர்வைக்குள் புகுந்து தரணியின் காலை ஒட்டிப் படுத்துக்கொள்ளும்.

ஒரு நாள் மோனிஷா ஒற்றைச் செருப்போடு வந்தாள்.

"அக்கா, உங்க பாபின் என்னோட இன்னொரு செருப்பப் பொதைச்சுருச்சு."

"எங்க பொதைச்சுதுன்னு தெரியுமா?"

"எனக்கு எப்படிக்கா தெரியும்? அதையத்தான் கேக்கோணும்."

செருப்பைக் காட்டிக் கேட்டேன். பாபின் நேராக மணல் குவியலுக்குப் போய், வேறு எங்கும் மோந்துகூடப் பார்க்காமல், ஒரே இடத்தில் தோண்டி இழுத்துக்கொண்டு வந்தது. அந்த வாரம் முழுக்க மழையில் மணல் சரிந்து உருவமே மாறிப்போயிருந்தது. அப்படியும் அதற்கு இடம் தப்பவில்லை.

அன்றைக்குச் சாப்பிட உட்கார்ந்தவரிடம் சொன்னேன். "பொதைச்ச எடம் நாய்க்கு நெனவிருக்குதுங்க."

சோற்றில் வைத்த கை அப்படியே நின்றது. பாதித் தட்டோடு எழுந்து கை கழுவிவிட்டார். நான் சொல்லியிருக்கக் கூடாது. ஆனால் சொல்லிவிட்டேன்.

அதற்கப்புறம்தான் ஞாயிற்றுக்கிழமை ஓட்டம் ஆரம்பித்தது.

"டாக்டர் ஓட உடச் சொன்னாரல்ல. இங்க சந்துக்குள்ள எங்க ஓடறது? நான் கூட்டிட்டுப் போயிட்டு வர்றேன்."

ஸ்கூட்டரில் கால் வைக்கிற இடத்தில் பாபின் முன்னங்காலை ஊன்றி நிற்கும். காற்றில் இரண்டு காதும் பின்னால் பறக்கும். விடிய வெள்ளன போனால் மத்தியானச் சோற்றுக்குத்தான் வருவார்கள். இரண்டு பேர் முகமும் களைத்திருக்கும். என் வீட்டுக்காரர் கண் சிவந்திருக்கும்.

"எங்கீங்க போனீங்க?"

"ரயில்வே லைன் ஓரமா."

"கண்ணு ஏனுங்க செவந்திருக்குது?"

"வண்டில போனா தூசி உழுகாதா?"

இதையும் காலண்டரைப் பார்த்தே சொன்னார்.

பாபினைக் குளிப்பாட்டும்போது அதன் காலிடுக்கில் ஒரு இலை ஒட்டிக்கொண்டிருந்தது. எடுத்துக் கசக்கி மோந்தேன். கிளுவை இலை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை வாலில் ஒரு கிளுவை முள். திருப்பூரில் ரயில்வே லைன் ஓரம் கிளுவை எங்கே இருக்கிறது? எல்லாம் சிமெண்டுச் சுவர். கிளுவையை வேலியாக வளைத்து நட்டது வெள்ளகோவில் பக்கத்துக் காடுகளில்தான். எங்கள் காட்டிலும் நாலு பக்கமும் அதுதான்.

காட்டுப் பக்கமே போகாத மனுசன் வாராவாரம் அங்கேதான் போகிறார்.

வந்த கோபத்தில் அவர் சட்டையைப் பிடித்து உலுக்கியிருப்பேன். பிடித்திருந்தால் இன்னொரு பொய்தான் உதிரும். பொய் சொல்லத் தெரியாத ஒரு ஆள் வீட்டில் இருக்கும்போது பொய் சொல்கிறவரிடம் எதற்குக் கேட்க வேண்டும்? குனிந்து பாபினைப் பார்த்தேன். பாபின் தலையைச் சாய்த்து என்னைப் பார்த்தது.

இவர் ஷிப்மெண்ட் அவசரத்தில் தலை தெறிக்க ஓடிக்கொண்டிருந்த ஒரு வியாழக்கிழமை, தரணியைப் பள்ளிக்கூட வேனில் ஏற்றிவிட்டு, பாபினைக் கட்டைப்பைக்குள் வைத்து மேலே துண்டைப் போட்டு மூடி, காங்கேயம் வழியாகப் போகிற பஸ்ஸில் ஏறினேன். கண்டக்டர் வந்தான்.

"வெள்ளகோவிலுக்கு ஒண்ணு குடுங்க தம்பி."

"பையில என்னுங்கக்கா அசையுது?"

"கோழிங்க."

பை குரைத்தது.

"கோழி கொரைக்குதுங்களே?"

"எங்கூட்டுக்காரர் வாங்கிட்டு வந்ததுங்க தம்பி. அவரு எதை வாங்குனாலும் இப்படித்தான்."

பஸ்ஸே சிரித்தது. கண்டக்டரும் சிரித்துவிட்டு, கோழிக்கும் சேர்த்து டிக்கெட் கிழித்தான். துண்டை விலக்கிப் பாபின் தலையை நீட்டி எல்லோரையும் ஒரு பார்வை பார்த்தது. பக்கத்துச் சீட்டு அம்மா அதற்கு ஒரு முறுக்கு கொடுத்தார். "எங்கம்மா போறீங்க ரெண்டு பேரும்?" என்று கேட்டார். என் பையனைப் பார்க்க என்று சொல்ல வாயெடுத்தேன். "ஒறம்பரை ஊட்டுக்குங்க, சொந்தக்காரங்கதான்" என்றேன்.

ஊருக்கு முந்தின பிரிவில் இறங்கி மண் பாதையில் நடந்தேன். ஊருக்குள் மாமியார் இருக்கிறார்கள், அந்தப் பக்கமே திரும்பவில்லை. காட்டு வாசலின் படலைத் தூக்கி நகர்த்தும்போதே பாபின் நடுங்க ஆரம்பித்துவிட்டது. கயிற்றை அவிழ்த்தேன்.

அம்பு போல ஓடும் என்று நினைத்தேன். ஓடவில்லை. மேய்ச்சல் புல்லுக்கு நடுவே தேய்ந்திருந்த ஒற்றையடித் தடத்தில், கொஞ்ச தூரம் போவதும் திரும்பி நான் வருகிறேனா என்று பார்ப்பதுமாக நடந்தது. ஒரு ஓணான் குறுக்கே ஓடியது. ஓணானைக் கண்டால் உயிரை விடுகிற நாய் அது. அன்றைக்குத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கிழக்கு மூலைக்குப் போய் வேலியோரத்தில் ஒரு சின்னப் பள்ளத்தில் சுருண்டு படுத்துக்கொண்டது. அதன் உடம்பு அளவுக்கே அதுவே பறித்து வைத்த பள்ளம். பழகின இடம்.

பக்கத்தில் கூழாங்கற்களால் வளைத்து வைத்த ஒரு முழ மண். ஒரு புல் இல்லை. யாரோ விடாமல் கையால் பிடுங்கியிருக்கிறார்கள்.

நிமிர்ந்தேன். கிளுவை வேலியில் பனியன்கள் தொங்கின.

முதல் பனியன் என் உள்ளங்கை அகலம். மஞ்சளாக இருந்திருக்கும், வெயிலில் வெளுத்துச் சாயம் போய்விட்டது. பாபின் வருவதற்கு முன்பிருந்தே வந்திருக்கிறார். அதற்குப் பக்கத்தில் கொஞ்சம் பெரியது. அதற்குப் பக்கத்தில் இன்னும் கொஞ்சம் பெரியது. பிறந்த குழந்தை, மூணு மாசம், ஆறு மாசம், ஒன்பது மாசம். கம்பெனி சைஸ் சார்ட் மாதிரி வேலியோடு வரிசையாக வளர்ந்துகொண்டே போயிருந்தது. கடைசிப் பனியன் நீலம், இன்னும் அவ்வளவாக மங்கவில்லை. இருந்திருந்தால் அவன் இப்போது அதைப் போட்டுக்கொண்டு வீட்டில் தவழ்ந்துகொண்டிருப்பான்.

என் வீட்டுக்காரர் தையலில் ஒரு நூல் நீட்டிக்கொண்டிருந்தாலும் டெய்லரைத் திட்டுவார். அந்த நீலப் பனியனில் நாலு பக்கமும் பிசிறு தொங்கியது. கண் தெரியாமல் தைத்திருக்கிறார். பிசிறை ஒவ்வொன்றாகப் பல்லால் கடித்து எடுத்தேன். எல்லாம் எடுத்து முடித்த பிறகு உட்கார்ந்து அழுதேன். அங்கே அழாதே என்று சொல்ல ஆள் இல்லை.

பாபின் பள்ளத்திலிருந்து எழுந்து வந்தது. மடியில் ஏறி, முன்னங்கால் இரண்டையும் என் தோளில் வைத்து, முதலில் இந்தக் கன்னம், பிறகு அந்தக் கன்னம் என்று நிதானமாக நக்கியது. பிறகு தலையை என் கைக்கு அடியில் நுழைத்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்தது. வீட்டில் ஒரு நாளும் இப்படிச் செய்ததில்லை. அந்த இடத்தில் உட்கார்ந்து அழுகிற ஆளுக்கு என்ன செய்ய வேண்டும் என்று அதற்கு யாரோ வாராவாரம் பழக்கிக் கொடுத்திருக்கிறார்கள்.

பள்ளிக்கூட வேன் வருவதற்குள் வீடு வந்து சேர்ந்தேன். இவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. சோறு போடும்போது கேட்கவில்லை. பல் விளக்கும்போதும் கேட்கவில்லை. திட்டம் பலித்துவிட்டது என்று அவர் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது. பாவம்.

ஞாயிற்றுக்கிழமை வெள்ளன ஸ்கூட்டரை எடுத்தார். பாபின் ஏறி நின்றது. நான் தண்ணீர் பாட்டிலும் சோற்றுப் போசியும் எடுத்துக்கொண்டு தரணியோடு வாசலுக்கு வந்தேன்.

"நீங்க ரெண்டு பேரும் எங்க கெளம்பிட்டீங்க?"

"நாய ஓட உடத்தானுங்க. நாங்களும் ஓடறோம்."

"வெயில்ல உனக்கு எதுக்கு கலா? ரயில்வே லைன் ஓரம் பூராம் முள்ளு."

"கிளுவ முள்ளுதானுங்க? நம்ம காட்டு முள்ளு எனக்குப் பழக்கந்தான்."

வண்டியை அணைத்துவிட்டார்.

"அம்மா சொல்லிட்டாங்களா?"

"நீங்க வாராவாரம் போறது உங்கம்மாளுக்கே தெரியாதுங்க. தெரிஞ்சா உங்களையும் என்னையும் ஒண்ணாப் போட்டு மொத்துவாங்க."

அவர் மெதுவாகக் குனிந்து பாபினைப் பார்த்தார். பாபின் என் வீட்டுக்காரரைப் போலவே வேறு பக்கம் பார்த்தது.

"நீ பாத்தாத் தாங்க மாட்டேன்னுதான்..."

"நீங்க தாங்குனீங்களா?"

ஸ்கூட்டர் கொக்கியில் மாட்டியிருந்த பையை எடுத்துப் பிரித்தேன். புதுசாக ஒரு பனியன். வெளிர் பச்சை. பன்னிரண்டு மாசச் சைஸ். தரணி எட்டிப் பார்த்து, "இது தம்பிக்கா?" என்றாள். "ஆமா சாமி" என்றார் அவர். அவர் வாயிலிருந்து அவனைப் பற்றி ஒரு வார்த்தை வந்து நான் கேட்டது அதுதான் முதல் முறை.

அங்கேயே நின்றால் இரண்டு பேரும் தெருவில் உட்கார்ந்துவிடுவோம். மோனிஷா வேறு கோலத்தைப் போட்டு முடிக்காமல் இழுத்துக்கொண்டே இருந்தாள். பனியனைத் தூக்கிப் பிடித்தேன்.

"இது என்னுங்க கழுத்து?"

"ரவுண்ட் நெக்."

"கொழந்தைக்கு ஒடம்ப விடத் தலைதானுங்க பெருசு. தோள்ல தொறந்து ரெண்டு பட்டன் வெச்சாத்தான் மாட்ட முடியும். வேலில இருக்கறது அத்தனையும் இப்படித்தான் தெச்சிருக்கீங்க. நம்ம பையனுக்கு ஒண்ணுலகூடத் தலை நொழையாது."

பெரியவர்கள் துணியே தைத்த கை. குழந்தைக்குச் சட்டை மாட்டிப் பழகாத கை. வாங்கிக் கழுத்துக்குள் தன் முஷ்டியை விட்டுப் பார்த்தார். பாதியில் மாட்டிக்கொண்டது. அதையே பார்த்தார். எங்கள் ஊரில் தப்பாகத் தைத்த பீஸுக்கு இரண்டு கதிதான். பிரித்துச் சரிசெய்ய முடிந்தால் ஆல்டர், முடியாவிட்டால் ரிஜெக்ட். கம்பெனி முதலாளி, எத்தனையோ டெய்லரை மிரட்டியவர், பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி என் முகத்தைப் பார்த்துக் கேட்டார்.

"அப்ப எல்லாமே ரிஜெக்டா கலா?"

"ஆல்டர்தானுங்க. பட்டனும் ஊசியும் எடுத்துட்டேன், வண்டிய எடுங்க."